மோரிஸ் எழுதிக் கொடுத்த நான்கு இடங்கள்

19-7-1974, வெள்ளி

ஓய்வு நாள். துணி துவைத்தேன், தலைக்கு ஊற்றினேன், அம்மாவுக்குக் கால் அமுக்கினேன். இதைத் தவிர எழுத ஒன்றுமில்லை. ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி மனோகரன் அண்ணன் இந்த நோட்டைக் கொடுத்துப் பத்து நாள் ஆகிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாவது வரை முதல் மார்க்கு வாங்கியவள், கையெழுத்தைக் கெடுத்துக்கொள்ளாதே என்றார். சரி, எழுதுகிறேன். என்னத்தை எழுத? இந்தப் பாடாங் மேஹா தோட்டத்தில் என்ன நடக்கிறது?

நேற்று எங்கள் வேலையைக் கண்காணிக்கிற தண்டல் சின்னையா மறுபடியும் கேலி செய்தார். நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது முனகுவது நாலு நிரை தள்ளிக் கேட்கிறதாம். பன்றிகூடப் பயந்து ஓடுகிறதாம். ஓடட்டும் என்றுதான் முனகுகிறேன். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் காட்டுக்குள் தனியாக நிற்பவளுக்கு வேறு என்ன துணை? வார்த்தை கிடையாது. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடக்கிற நடைக்குத் தானாக வந்த மெட்டு. கேட்கிறதென்றால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அது அம்மா காதுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பெரியவர்கள் எனக்காகவே சொல்லிவைத்தார்களாம். இருபத்து நாலு வயதில் இந்த வாயை வைத்துக்கொண்டு எவன் வீட்டுக்குப் போவாள் என்று அப்பாவிடம் ஒரே புலம்பல்.

27-7-1974, சனி

நேற்று அகத்தாவோடு புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குப் போனேன். அகத்தா அடுத்த லயத்து வீடு. என்னோடு வெட்டுக்கு வருகிறவள். அவள் வேதக்காரி, நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஆனால் அன்னம்மாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்ற எல்லாரும்தான் போகிறோம். வேண்டிக்கொண்டால் கொடுக்கிறவள் நீ எந்தக் கோயில் என்று கேட்பாளா?

வரிசை நகரவே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. என்னை அறியாமல் முனகியிருக்கிறேன். பக்கத்து மரத்தடியில் மூன்று பேர் மாதா பாட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். அதில் அக்கார்டியன் வைத்திருந்தவர் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வேறு எதையோ எடுத்தார். கேட்டால் என் முனகல்! என் சட்டையை யாரோ போட்டுக்கொண்டு என் எதிரிலேயே நடப்பது போல இருந்தது. நேராகப் போய்ச் சண்டைக்கு நின்றேன்.

"யாரைக் கேட்டு வாசிக்கிறீங்க?"

"யாரைக் கேக்கணும்? யாரு பாட்டு இது?"

"என் பாட்டு."

அவர் எழுந்து நின்றார். "அப்போ உங்களைத்தான் கேக்கணும். வாசிக்கலாமா?"

கிட்டார் வைத்திருந்த ஒல்லி ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் பெயர் கென்னத். அக்கார்டியன்காரர் மோரிஸ். பினாங்குக்காரர். ஓட்டலில் வாசிப்பதுதான் தொழிலாம். என் முகவரி கேட்டார். தோட்டத்துப் பெயரும் நவமணி என்ற பெயரும் போட்டால் வந்து சேரும் என்றேன்.

ஏன் சொன்னேன்?

28-7-1974

இன்று ஒரு மரத்தில்கூட முனகவில்லை. யாரோ கேட்டுக்கொண்டு நிற்பது போலக் கூச்சம்.

5-8-1974, திங்கள்

கடிதம் வந்துவிட்டது. மனோகரன் அண்ணன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கையில் கொடுத்தார்.

மலாயில் எழுதியிருக்கிறார். தமிழ் பேசுவாரே தவிர எழுதப் படிக்க வராதாம். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. எனக்கு இங்கிலீஷ் வராது. அதனால் தமிழன் தமிழச்சிக்கு மலாயில் எழுதுகிறான். எனக்குத் தெரிந்ததோ பாசாரில் மீன் வாங்குகிற மலாய். ஒரு பக்கத்தைப் படிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. வேறு யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் லயம் முழுக்க விடிவதற்குள் தெரிந்துவிடும். நானே எழுத்துக் கூட்டிப் படித்து இந்த நோட்டில் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளப் போகிறேன்.

என் மெட்டில் நடுவே ஓரிடத்தில் மூச்சு நிற்கிறதாம். அது ஏன், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யார் கேட்டார்கள்? அது மரத்தில் பால் பிடிக்கிற மங்குக் கிண்ணத்தைத் துடைக்க நான் குனிகிற இடம். பால் மங்கைத் துடைத்து வைக்க எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்.

அப்படியே எழுதிப் போட்டேன். மூன்றே வரி.

9-8-1974, வெள்ளி

அவர் எழுதிக் கேட்டிருந்தபடி கூலிம் பஸ் நிலையத்துக்கு எதிர்க் காப்பிக்கடையில் மோரிஸைப் பார்த்தோம். அகத்தாவும் கூட இருந்தாள். சும்மா சொல்லக்கூடாது, நெஞ்சு அடித்த அடியில் காப்பியைச் சுடச்சுடக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

நான் இதுவரை பினாங்கு பார்த்ததில்லை என்றதும் அவருக்கு நம்பிக்கையே வரவில்லை. இரண்டு பஸ், ஒரு பெர்ரி, அவ்வளவுதானே என்றார். அவ்வளவுதான். ஆனால் யார் கூட்டிப்போவது? இங்கே பிறந்து வளர்ந்து, மேட்டில் ஏறினால் தூரத்தில் பினாங்கு மலை தெரிகிறது. இருபத்து நாலு வருஷமாய் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அங்கே மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எதைக் குடிக்கிறார்கள், எங்கே உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறார்கள் என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குப் பசித்தது. வயிற்றுப் பசி இல்லை. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அனுப்புகிறேன், அதைப் பிடித்துக்கொண்டு வந்து சேருங்கள் என்றார்.

பஸ் ஏறும்போது அகத்தா, "அவருக்குக் கண்ணு பூரா ஒம்மேலதான் கா" என்றாள். போடி என்றேன். எனக்கும் தெரியும்.

15-8-1974, வியாழன்

இன்று வந்த கடிதத்தைத் தமிழில் எழுதி வைக்கிறேன். எழுத்து கோணலாகிறது.

பெர்ரியை விட்டு இறங்கியதும் கடலோரமாகவே நடந்து பாடாங் கோத்தாவுக்குப் போக வேண்டும். அங்கே மரத்தடியில் பசெம்பூர் விற்கிறார்கள். இறால் வடை, உருளைக்கிழங்கு, வெள்ளரி எல்லாம் வெட்டி மேலே வள்ளிக்கிழங்குக் குழம்பு ஊற்றுவார்கள். கடலைப் பார்க்கிற நாற்காலியாகப் பார்த்து உட்கார வேண்டும். அதன் பிறகு கடைத்தெரு. அங்கே ஒரு மூலைக் கடையில் ஜாதிக்காய்த் தண்ணீர். வெள்ளை வேண்டாம், உப்பில் ஊறவைத்த பழுப்பு நிறத்தைக் கேட்க வேண்டும். மூன்றாவது, கேம்பல் ஸ்திரீட் முனையில் நாசி கண்டார், சோறும் கறிகளும். மாடு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடச் சொல்கிறார். பரவாயில்லை, ஞாபகம் வைத்திருக்கிறார்.

நாலாவது அவருடைய ஓட்டல். பினாங்கு ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் பச்சை நிறக் கதவு. பெண்கள் குடும்பத்தோடு வருகிற இடம்தான், பயம் வேண்டாம். தூணுக்கு இடது பக்கம் ஒரு நாற்காலி போட்டு வைப்பாராம். ஆரஞ்சு கிரஷ் கேட்டால் போதும். பேண்டு மாலாம் ஆஹாட் மட்டும். ஞாயிறு இரவு மட்டும். புக்குல் துஜு. ஏழு மணிக்கு.

அங்கே என் மெட்டை வாசிப்பாராம். மூன்று வாத்தியத்தில். மங்கு துடைக்கிற இடத்தில் மூச்சு நிறுத்தி.

கடைசிப் பாராவை நாலு தரம் படித்தேன். மெர்டேக்காவோடு, 31ஆம் தேதிச் சுதந்திர நாளோடு, ஓட்டலில் அவர்கள் ஒப்பந்தம் முடிகிறது. சிங்கப்பூரில் ஒரு கப்பலில் வாசிக்கக் கூப்பிடுகிறார்கள். நான் வந்து மெட்டைக் கேட்டால் அவர் போகமாட்டார். அடுத்த வாரமே பாடாங் மேஹாவுக்கு வந்து அப்பாவிடம் பேசுவார். வராவிட்டால் எனக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்வார், தொந்தரவு செய்யமாட்டார். மெர்டேக்கா வரைக்கும் மூன்று மாலாம் ஆஹாட் இருக்கிறது, மூன்றிலும் நாற்காலி போட்டு வைப்பேன் என்கிறார்.

காலண்டரில் எண்ணிப் பார்த்தேன். 18, 25. இரண்டு ஞாயிறுதான் வருகிறது. மூன்றாவது எங்கே? பட்டணத்து ஆளுக்குக் கணக்கு வராது போலிருக்கிறது. கல்யாணமானால் வரவு செலவை நான்தான் பார்க்க வேண்டும்.

என்ன எழுதிவிட்டேன்! சரி, யார் பார்க்கப்போகிறார்கள்.

20-8-1974

18ஆம் தேதி முடியவில்லை, அம்மாவுக்குக் காய்ச்சல். 25 ஞாயிறு போவதாக முடிவு. திங்களும் சேர்த்து லீவு கேட்டிருக்கிறேன். பட்டர்வொர்த்தில் அகத்தாவின் அத்தை லூர்து மேரி வீட்டில் தங்கல். அத்தைக்கு உடம்பு சரியில்லை என்று அப்பாவிடம் சொல்லியாயிற்று. அப்பா பாவம், அத்தைக்கு என்று ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்து வைத்திருக்கிறார்.

24-8-1974, சனி

மணி ஏழு. ஊதாச் சேலைக்கு இஸ்திரி போட்டு முடித்தேன். நாளை இந்நேரம் தூணுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருப்பேன். அவர் என்ன சட்டை போட்டிருப்பார்? கேட்டுவிட்டு என்ன சொல்வது? நன்றாக இருக்கிறது என்று சொல்வதா? என் பாட்டை நானே எப்படி நன்றாக இருக்கிறது என்று சொல்வது?

சாப்பாடு இறங்கவில்லை.

26-8-1974, திங்கள்

எழுதக்கூடாது என்றுதான் நினைத்தேன். எழுதினால்தான் அடங்கும்.

பெர்ரியில் மேல்தட்டில் நின்றோம். காற்றில் சேலை பறந்தது. அகத்தா ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். நான் மூடவில்லை. வாழ்க்கையில் முதன்முதலாகக் கடல்மேல் நிற்கிறேன், மூடுவேனா? பினாங்கு மலை கிட்டே வரவர நான் சின்னப் பிள்ளை ஆகிவிட்டேன்.

அவர் எழுதியபடியே எல்லாம் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். பாடாங் கோத்தாவில் மரம் இருந்தது, நாற்காலி இருந்தது, பசெம்பூர் தட்டு நிறைய வந்தது. அகத்தா இரண்டாவது தட்டும் வாங்கினாள். மூலைக் கடையில் பழுப்பு நிற ஜாதிக்காய்த் தண்ணீர். முதல் வாய்க்குத் துவர்ப்பு, அப்புறம் இனிப்பு. நாசி கண்டார் கடையில் மாடு வேண்டாம் என்று சொன்னதும் கடைக்காரர், "தெரியும்மா, நெத்திப் பொட்டைப் பார்த்தாலே தெரியும்" என்றார். அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். தெருவில் போகிற எல்லாரையும் எனக்குத் தெரியும் போல இருந்தது.

பச்சைக் கதவு. ஏழு அடிக்கப் பத்து நிமிஷம்.

உள்ளே மேசை துடைத்துக்கொண்டிருந்த சீனப் பெரியவர் ஒருவரைத் தவிர ஒரு குருவி இல்லை. மேடையில் வாத்தியங்களை உறை போட்டு மூடியிருந்தார்கள். பேண்டு எங்கே என்று கேட்டேன். "இனி மாலாம் தாடா" என்றார். இன்றைக்கு இல்லை. "செமாலாம் அடா." நேற்று இருந்தது.

நேற்று இருந்தது!

மோரிஸ் என்று கேட்டேன். நேற்று வாசித்தான், இன்றைக்கு வரமாட்டான் என்று கையை விரித்தார். தூணுக்கு இடது பக்கம் பார்த்தேன். நாற்காலிகளை எல்லாம் மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

ஞாயிறு வா என்று எழுதிவிட்டு சனிக்கிழமை வாசிச்சிருக்கான். எதுக்கு? தோட்டக்காட்டுப் பொண்ணு சேலையைக் கட்டிக்கிட்டு வந்து கதவைத் தட்டுவா, பார்த்துச் சிரிக்கலாம்னா? அந்தக் கென்னத் அன்னைக்குச் சிரிச்சானே, அதுக்குத்தானா? இன்னொரு தரம் விவரமாக் கேப்போம் கான்னு அகத்தா சொன்னா. கேக்குறதுக்கு என்ன இருக்கு? அவள் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்துட்டேன்.

பெர்ரியில் திரும்பும்போது மலையைப் பார்க்கவே இல்லை.

31-8-1974, சனி

மெர்டேக்கா. ஸ்டோர் முன்னால் கொடி ஏற்றி ரொட்டியும் சர்பத்தும் கொடுத்தார்கள். நாளைக்குக் கப்பல் ஏறுவார். ஏறட்டும். நல்லா ஏறட்டும்.

5-9-1974, வியாழன்

கடிதம் வந்தது. அதே கையெழுத்து. மனோகரன் அண்ணன் நீட்டினார். வாங்கவில்லை. இந்த ஆளை எனக்குத் தெரியாது, வந்த இடத்துக்கே அனுப்புங்கள் என்றேன்.

"பிரிச்சுப் பாத்துட்டுக் கோவிச்சுக்கயேன் தங்கச்சி."

"வேணாம்ணே."

உறையின் மேல் சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். சரியாகத்தான் செய்தேன்.

14-1-1975

பொங்கல். தண்டல் சின்னையா கேட்கிறார், ஏன் பிள்ளை இப்போதெல்லாம் சத்தமே இல்லை, பன்றி திரும்பி வந்துவிட்டது என்று. முனகல் வருவதில்லை ஐயா என்றேன். வாயைத் திறந்தால் முதல் அடி வருகிறது. அதற்குமேல் அவர் வாசித்ததுதான் காதில் வருகிறது.

இந்த நோட்டும் போதும்.

17-3-1983, வியாழன்

எட்டு வருஷம் கழித்து இந்த நோட்டை எடுக்கிறேன். பெட்டியில் அம்மா சேலைக்கு அடியில் இருந்தது. அப்பா போய் ஐந்து வருஷம், அம்மா போய் ஒரு வருஷம். அதற்குப் பிறகு தோட்டத்தை விட்டுக் குருண் என்கிற ஊருக்கு வந்து ஆலையில் பொட்டலம் கட்டும் பகுதியில் சேர்ந்தேன். ஆலை ஹாஸ்டலில் ஓர் அறை. முப்பத்து மூன்று வயது. பெண் பார்க்க வந்த இரண்டு பேரை நானே வாயால் விரட்டினேன். இதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

எதற்காக எடுத்தேன் என்று எழுத வேண்டும். பொறு.

பக்கத்து மேசையில் வேலை செய்கிற ரொக்கியா, கோலா கெடாவுக்குப் போய் மீன் சாப்பிடலாம் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாலாம் ஜுமாஆத் போவோம் என்றாள். சரி, வெள்ளி இரவு என்று நினைத்துக்கொண்டேன். இன்று ஐந்து மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்தால், ரொக்கியா புதுத் துணி உடுத்திப் பவுடர் போட்டு வாசலில் நிற்கிறாள். எங்கே என்றேன். கோலா கெடா என்றாள். அது நாளைக்குத்தானே என்றேன்.

அவள் சிரித்தாள். கெடா மாநிலத்தில் பிறந்து இது தெரியாதா, மாலாம் ஜுமாஆத் என்றால் வியாழன் ராத்திரிதான்லா என்றாள். பொழுது சாய்ந்ததும் அடுத்த நாள் பிறந்துவிடுகிறது. வெள்ளிக்குரிய ராத்திரி வெள்ளிக்கு முன்னால்தான் வரும்.

நானும் சிரித்தேன். லயத்துக்குள்ளேயே கிடந்தவளுக்கு என்ன தெரியும் என்றேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் —

"ரொக்கியா. மாலாம் ஆஹாட்?"

"சப்து மாலாம்லா." சனி இரவு.

கோலா கெடாவுக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்துவிட்டேன்.

17, 24, 31. மூன்று சனிக்கிழமை. அவருக்குக் கணக்கு வந்திருக்கிறது. எனக்குத்தான் வரவில்லை. 24ஆம் தேதிப் பக்கத்தைப் பார்க்கிறேன். மணி ஏழு, இஸ்திரி போட்டு முடித்தேன் என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்த ஏழு மணிக்கு அவர் நாற்காலியைப் போட்டுவிட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்.

அந்தப் பெரியவர் நேற்று இருந்தது என்று சரியாகத்தானே சொன்னார். அகத்தா கேப்போம் கான்னாளே. மனோகரண்ணன் பிரிச்சுப் பாருன்னாரே. ஒரு வாய் கேட்டிருந்தா என்ன கொறைஞ்சுபோயிருக்கும்? அந்தக் கடிதத்தில என்ன எழுதியிருந்தாரோ. சிவப்பு மையைப் பார்த்து என்ன நெனைச்சாரோ. அம்மா, நீ சொன்ன பழமொழி எனக்குத்தாம்மா. எனக்கேதான்.

18-3-1983

தூங்கவில்லை. அந்த மெட்டைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது. அவரைப் பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை. மூன்று வாத்தியத்தில், மங்கு துடைக்கிற இடத்தில் மூச்சு நிறுத்தி, ஒரே ஒரு தரம். இத்தனை வருஷமும் அதைத்தான் கேட்க நின்றிருக்கிறேன் போல.

2-4-1983, சனி

அகத்தாவுக்கு எழுதினேன். மூன்று பிள்ளைகளோடு இப்போது பட்டர்வொர்த்தில்தான் இருக்கிறாள். 16ஆம் தேதி வருகிறேன், சனிக்கிழமை, நீயும் வர வேண்டும் என்று எழுதினேன். காரணத்தையும் எழுதினேன்.

பதில் ஒரே வரி. "வா கா, நான் அழுதுட்டேன்."

17-4-1983, ஞாயிறு

நேற்று போய் வந்தோம். அதே ஊதாச் சேலை. இடுப்பில் மடிப்புக் குறைந்துவிட்டது, உடம்பு போட்டிருக்கிறது.

பெர்ரியில் இந்தத் தடவை அகத்தாவும் கண்ணைத் திறந்துகொண்டு வந்தாள். பாடாங் கோத்தாவில் பசெம்பூர் இருக்கிறது, மரத்தைத்தான் காணோம். மூலைக் கடையில் ஜாதிக்காய்த் தண்ணீரைப் போத்தலில் அடைத்து விற்கிறார்கள். பழுப்பு நிறம் கேட்டேன், உள்ளேயிருந்து எடுத்துக் கொடுத்தார். அதே துவர்ப்பு. நாசி கண்டார் கடையில் உட்கார்ந்தேன், ஆனால் என்னால் பாதிக்குமேல் முடியவில்லை. அகத்தா என் இலையையும் பார்த்துக்கொண்டாள்.

பச்சைக் கதவுக்குப் பழுப்பு வர்ணம் அடித்திருக்கிறார்கள். உள்ளே குடும்பம் குடும்பமாகக் கூட்டம். தூண் அப்படியே இருக்கிறது. அதற்கு இடது பக்கம் ஒரு மேசை காலியாக இருந்தது, போய் உட்கார்ந்தோம். ஆரஞ்சு கிரஷ் கேட்டேன்.

மேடையில் ஒரே ஆள், ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். தலை முன்பக்கம் வழுக்கை, ஒல்லி. எனக்கு அடையாளம் தெரியவில்லை, அகத்தாதான் என் தொடையைக் கிள்ளினாள். கென்னத்.

அவர் நாலைந்து பாட்டு வாசித்தார். பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள், தட்டுகள் சத்தம் போட்டன. ஆறாவதாக எந்த அறிவிப்பும் இல்லாமல் மெல்ல எடுத்தார். முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. முப்பது நாற்பது பேர் சாப்பிட்டுக்கொண்டே, பேசிக்கொண்டே, என் வெட்டு நிரைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அந்த இடம் வந்தது. கையை எடுத்தார். ஒரு மங்கைத் துடைத்து வைக்கிற நேரம், சரியாக அவ்வளவே. அப்புறம் தொடர்ந்தார்.

நான் அழவில்லை. அழுதால் சத்தத்தில் ஏதாவது விட்டுப்போகும் என்று அடக்கிக்கொண்டேன்.

இடைவேளையில் அவர் கீழே இறங்கியபோது எழுந்து நின்று அண்ணே என்று கூப்பிட்டேன். அந்த மெட்டு யாருடையது என்று கேட்டேன். மோரிஸ் என்று ஒரு நண்பன் விட்டுவிட்டுப் போனது, சனிக்கிழமை தவறாமல் வாசிப்பேன் என்றார். பெயர் என்ன என்றேன்.

"தாக் டாத்தாங்," என்றார்.

வரவில்லை. என் மெட்டுக்கு அதுதான் பெயர்.

அவர் என்னைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், அகத்தாவைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "நீங்களா?" என்றார். எங்கள் மேசையிலேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று சனிக்கிழமையும் மோரிஸ் இந்த நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லையாம். கடைசி நாள் அவரே ஆரஞ்சு கிரஷ் வாங்கி மேசையில் வைத்தாராம். ஐஸ் கரைந்து, யாரும் குடிக்காமல், பெரியவர் எடுத்துக்கொண்டு போனாராம். கப்பல், சிங்கப்பூர், அப்புறம் ஆஸ்திரேலியா. பெர்த்தில் இருக்கிறார். மனைவி, இரண்டு பிள்ளைகள். கிறிஸ்துமஸுக்குக் கார்டு வரும். வாசிப்பதை விட்டுவிட்டாராம்.

"ஒரு வார்த்த சொல்லி அனுப்பிருக்கலாம்லா தங்கச்சி. வரலன்னாக்கூட."

"வந்தேண்ணே. கிழமதான் தப்பு."

ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன், கவிழ்த்து வைத்த நாற்காலிகளைச் சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். மோரிஸுக்கு எழுதட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் நான் யார்? ஆனால் அவர் இன்னமும் என்னை வராதவள் என்றுதானே நினைத்துக்கொண்டிருப்பார். அதைத் தாங்க முடியவில்லை. முடியவே இல்லை.

வந்தாள் என்று மட்டும் எழுதுங்கள், கிழமையை எழுத வேண்டாம் என்றேன். கிழமையைத் தெரிந்துகொண்டு அவர் என்ன செய்யப்போகிறார், என்னைப் போல உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பதற்கா.

கிளம்பும்போது ஆரஞ்சு கிரஷ் அப்படியே இருந்தது. நின்றபடியே எடுத்து முழுவதையும் குடித்தேன்.

5-5-1983, வியாழன். ரொக்கியாவுக்கு மாலாம் ஜுமாஆத்

கோலா கெடாவுக்கு இன்று ஒருவழியாகப் போனோம். சுட்ட மீன், புளிச்சாறு. படகுகள் வரிசையாக நின்றன. ரொக்கியா வழியெல்லாம் என்னைக் கிழமை கேட்டுக் கேட்டு மானத்தை வாங்கினாள்.

திரும்பும் பஸ்ஸில் தோளை இடித்து, காலையிலிருந்து நீ முனகிக்கொண்டே இருக்கிறாயே, மேசையில்கூட நிறுத்தவில்லை, அது என்ன பாட்டு என்றாள். நான் முனகியதே எனக்குத் தெரியாது.

டாத்தாங் என்றேன். வந்தாள்.